ரோலர்காரர் செய்த விமானம்

மலாக்கா முழுவதிலும் ரோலர்காரரைவிட மெதுவாகப் போனவர் கிடையாது. அவரைவிட வேகமான வாகனங்களை வைத்திருந்தவரும் கிடையாது. பகலெல்லாம் ரோடு ரோலர் ஓட்டுவார். காஜா பேராங் சாலையில் சவ ஊர்வலங்கள்கூட அவரை முந்திப் போகும். வீடு திரும்பிவிட்டால் சண்டை விமானம். பொம்மை விமானம்தான், பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வரும். ஒட்டி, வர்ணம் பூச வேண்டும்.

அது சுதந்திரம் வந்த சமயம். ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் விட்டுப்போன பெட்டிகள் பண்டார் ஹிலிர் கடைகளில் கிடைத்தன. மெல்லிய கோடு போடத் தூரிகைதான் கிடைக்கவில்லை. தன் மீசையிலிருந்து நாலு முடியைக் கத்தரித்துத் தீக்குச்சியில் கட்டிக்கொள்வார்.

"என்னா ரோலரு, இன்னிக்கு எந்தப் பக்கம் குண்டு விழுந்துச்சு?" என்று சாலை வேலையை மேய்க்கும் மண்டோர் அவர் மீசையைப் பார்த்துக் கேட்பார்.

"எடது பக்கம்லா. றெக்கைக்குச் செவப்பு அடிச்சேன்."

நான் சைக்கிள் கடையில் வேலை பார்த்த ஒண்டிக்கட்டை. அவருக்கு அடுத்த அறை. நடுவில் பலகைச் சுவர். பசை வாடையும் வரும், அவர் மனைவி லெட்சுமியக்காவின் இருமலும் வரும். இருமலில் ரத்தம் கண்டதும், பசை வாடைதான் காரணம் என்று குடியிருந்தவர்கள் எல்லாரும் தீர்ப்புச் சொன்னார்கள். காசநோய் என்று டாக்டர் சொன்னதை யாரும் நம்பவில்லை. ரோலர்காரரும் நம்பவில்லை என்பதுதான் கொடுமை. ஒட்டுவதை நிறுத்திவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அக்கா கேட்டாள்: "ஏன் இப்ப ஒண்ணும் ஒட்டுறதில்லியாம்?"

"அந்த வாடையாலதானே ஒனக்கு..."

"டாக்டருக்கு மேல ஒங்களுக்குத் தெரியுமாக்கும். எத்தன செஞ்சீங்க, ஒண்ணுலயாவது எனக்கு எடம் வச்சீங்களா? ஒண்ணு செஞ்சு கொண்டாங்க. நான் இருக்கறப்பவே."

ஒற்றை ஆள் உட்காரும் விமானத்தைப் பிளேடால் அறுத்துப் பின்னால் இன்னோர் இருக்கை வைத்தார். பெட்டியில் பெண் பொம்மை ஏது? ஒரு விமானியின் முகமூடியை ராவி எடுத்து, பச்சைச் சேலை பூசி, பொட்டு வைத்தார்.

"தம்பி, அக்கா மாதிரி இருக்கா பாரு."

ஊரைக் கொளுத்த வந்தவள் மாதிரி இருந்தது.

"அச்சு அசலா அப்படியே இருக்குண்ணே."

டாக்டர் அப்போது எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசத் தொடங்கியிருந்தார். அந்த அவசரத்தில் ரோலர்காரர், உள்ளே பசை காயுமுன் கண்ணாடி மூடியை ஒட்டிவிட்டார். அதற்குமுன் அவர் செய்தேயிராத தவறு. அடைபட்ட பசையின் ஆவி கண்ணாடியை உள்ளுக்குள்ளேயே வெளுக்க வைத்துவிட்டது. துடைக்க முடியாது, பிரித்தால் உடையும்.

அப்படியே கொண்டுபோனோம். அக்காவுக்குக் கையில் வாங்க வலுவில்லை. அவர்தான் பிடித்துக் காட்டினார்.

"உள்ள யாரு?"

"நீதான்."

"ஒண்ணும் தெரியலியே. வெள்ளையால்ல இருக்கு."

ரோலர்காரர் விமானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மேகத்துக்குள்ள போய்க்கிட்டிருக்க, புள்ள."

அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலானது. நர்ஸ் வந்து எங்களை வெளியே அனுப்பினாள். மறுநாள் விடியுமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியங்கள் முடிந்தபின் அவர் வேலைக்குப் போனார், வந்தார், சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. புதுப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"எனக்கு இத ஒட்டத் தெரியாதுண்ணே," என்றேன்.

வெகுநேரம் கழித்துத் திறந்தார். விமானத்தின் உடல் இரண்டு பாதியாக இருந்தது. பசை தடவிச் சேர்த்து என் கையில் கொடுத்தார். "அசையாம பிடி" என்று என் விரல்கள்மேல் தன் விரல்களை வைத்து அழுத்தினார்.

பசை எப்போதோ பிடித்துவிட்டது. அவர் கையை எடுக்கவில்லை. நானும் அசையவில்லை.