மிளகாய் மெஷினும் என் பேரில் இருக்கும் சொத்தும்

கல்முனைக்குடி,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

அன்புள்ள தங்கச்சி முனவ்வறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மச்சான் றிபாஸும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருப்பீர்கள். வரிப்பத்தான்சேனையில் வயலில் வேளாண்மை கதிர் பறிந்துவிட்டதா? நானும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, கை வரவில்லை. போனில் கதைத்திருக்கலாமே என்று கேட்பாய். என் போன் இப்போது மிளகாய்த்தூளின் போன், ஓடர் எடுக்கவென்று என் பொண்டாட்டி றஹீமாவின் கையிலேயே கிடக்கிறது. தபால்கந்தோரில் காலம் கழித்தவனுக்குக் கடைசியில் தபால்தான் கைகொடுக்கிறது.

பெண்கள் சொந்தக் காலில் நிற்க வேண்டுமென்று ஒரு நிறுவனம் மகளிர் குழுக்களுக்கு மானியம் கொடுக்கிறது. உன் மச்சி றஹீமாவின் குழுவும் கேட்டிருந்தது. நல்ல காரியம்தானே என்று நானும் கூட்டத்துக்குப் போனேன், போன இடத்தில்தான் இடி விழுந்தது. வந்த உத்தியோகத்தர் சொனியா கொழும்பில் வளர்ந்த பிள்ளை, வீட்டைப் பொம்பிளைப் பிள்ளைக்கே எழுதும் நம் ஊர் வழக்கம் தெரியாது. பெண்கள் பேரில் சொத்து இல்லாததுதான் பெரிய குறை என்று தொடங்கி, "நீங்க இருக்கிற வீடு யார்ட பேர்ல?" என்று கேட்டது. அத்தனை பெண்களும் "எங்கட பேர்லதான்!" என்றார்கள். பிள்ளை மைக்கை ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கேட்டது. மறுபடியும் அதே பதில். பிறகு தேத்தண்ணிக்காகப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆம்பிளைகள் பக்கம் திரும்பி, "அங்கிள், உங்கட பேர்ல என்ன இருக்கு?" என்றது. முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தேன். நாம் பிறந்த, நீ இப்போது இருக்கும் வீடு உனக்குச் சீதனம். நான் உழைத்துக் கட்டியது மகள் அப்றாவுக்குச் சீதனம். நான் படுத்து எழும்புவது றஹீமாவுக்கு அவளுடைய வாப்பா கொடுத்த வீடு. "ஒரு சைக்கிள் இரிக்கி" என்றேன். "அதும் எங்கட வாப்பாட சைக்கிள்!" என்று றஹீமா முன்னாலிருந்து சொன்னாள். மண்டபம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

மானியம் கிடைத்தது, மிளகாய் அரைக்கும் மெஷினும் வந்தது. எங்கே வைத்தார்கள் தெரியுமா? முன் ஹோலில், என் சாய்மனைக் கதிரை கிடந்த அதே இடத்தில். கதிரை கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டது, அதில் இப்போது ஒரு அடைக்கோழி இருக்கிறது, என்னைக் கண்டால் கொத்த வருகிறது. சரி, மகள் வீட்டில் ஒரு மூலை கிடைக்குமென்று அப்றாவிடம் போனால், "வாப்பா, இஞ்ச தூள் பக்கெட் அடைக்கிற. நீங்க தும்மினா தூள் எல்லாம் பறந்திரும்" என்று வாசலோடு அனுப்பிவிட்டாள்.

நேற்று நடந்ததைக் கேள். மெஷின் ஓட, நெடி தாங்காமல் கண்ணும் மூக்கும் ஒழுக வீட்டுக் கேட்டடியில் வந்து நின்றேன். அந்த வழியாக வந்த எங்கள் தெருத் தம்பி சீனிமுகம்மது, "என்ன காக்கா, என்ன நடந்த?" என்று பதறினான். தும்மலில் வாய் திறக்க முடியவில்லை, உள்ளே கையைக் காட்டினேன். அவ்வளவுதான். மரணச் செய்திக்கு ஓதுவதுபோல "இன்னாலில்லாஹி" என்றபடி சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பறந்தான். நான் முகம் கழுவக் கடற்கரைப் பக்கக் குழாயடிக்குப் போய்த் திரும்பினால், நெடியில் உள்ளே போகமுடியாமல் வாசலில் சனம், பந்தலுக்குக் கதிரை இறங்குகிறது, பள்ளிவாசலில் அறிவிக்க ஆள் போயாயிற்றாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "யாரு மௌத்து?" என்று கேட்டேன். "உங்கட பொண்டாட்டிதான் காக்கா" என்றான் ஒருவன்.

முனவ்வறா, பொய் சொல்லமாட்டேன். அவள் இல்லாத வீட்டில் எனக்கு என்ன வேலை என்று அந்த நேரம்தான் உறைத்தது. செருப்பையும் விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். மெஷினை நிறுத்திவிட்டு, முழங்கை வரை சிவப்பாக றஹீமா நிற்கிறாள். அவளைக் கண்டதும் கண்ணீர் இன்னும் கொட்டியது. "என்ன, கொச்சிக்காய் நெடியா அழுகையா?" என்றாள். "கொச்சிக்காய்" என்றேன். பிறகு அவள் வெளியே போய், பள்ளிக்குப் போன ஆளைத் திருப்பிக் கூப்பிடச் சொல்லிவிட்டு, மையித்துப் பார்க்க வந்த சனம் முழுக்க ஆளுக்கொரு தூள் பக்கெட் வாங்கவைத்துத்தான் அனுப்பினாள். சீனிமுகம்மது இரண்டு வாங்கினான்.

இதற்குமேல் என்னால் முடியாது. நம் வீட்டு முன் அறையில், உம்மா தொழுத அந்த அறையில், எனக்கு ஒரு கட்டில் போட்டுத் தா. கோழி இல்லாத இடமாக இருந்தால் போதும். மச்சானிடம் பக்குவமாகச் சொல்.

அல்லாஹ் உனக்கும் பிள்ளைகளுக்கும் பறக்கத்தையும், எனக்குத் தும்மலில்லாத ஒரு மூலையையும் தருவானாக. வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
ஒன்றுமில்லாத காக்கா,
சரீப்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரம் றஹீமா வந்து சொன்னாள்: நீயும் குழுவில் சேர்ந்துவிட்டாயாம், உன் முற்றத்தில்தான் இனி மிளகாய் காயப்போகிறதாம், மூட்டை அடுக்குவது நான் கேட்ட அதே முன் அறையிலாம். என் போனிலேயே இரண்டு பேரும் பேசி முடித்திருக்கிறீர்கள்! ஆகவே கட்டில் வேண்டாம். கடைகளுக்குத் தூள் கொண்டுபோக நம்பிக்கையான ஆள் வேண்டுமென்று அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். சைக்கிளையும் எனக்கே தந்துவிட்டாள், மட்காட்டில் பெயின்ற்றால் 'சரீப்' என்று எழுதியாயிற்று. மேலே நான் ஒன்றுமில்லாதவன் என்று எழுதியதை வெட்டிவிடு. என் பேருக்கு மேலே 'றஹீமா மிளகாய்த்தூள்' என்று கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும், சைக்கிள் என்னுடையது.