இன்னொருவாட்டி அண்ணனும் பாதிப் பாட்டும்

இந்தப் பூலோகத்திலேயே ஒரே சாமி பாட்டை ஜனங்களை அதிக தடவை பாட வைத்து, அந்தப் புண்ணியத்தை அவர்கள் தலையில் கட்டிய மனிதர் எங்கள் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில்தான் இருக்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. தெருவுக்கே அவர் 'இன்னொருவாட்டி அண்ணன்'.

மாவு மில்லுக்கு மேலே மாடியில் ஒரே ஒரு அறை. அதுதான் அவருடைய ரெக்கார்டிங் ஸ்டுடியோ. ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், கால் ஆடுகிற ஒரு ஸ்டூல். நாம் உயிரைக் கொடுத்துப் பாடி முடிப்போம். அண்ணன் முருகனை நினைத்து 'சேவ்' பட்டனை அழுத்துவார். திரை வெளுத்துப் போய் அப்படியே நிற்கும். சாப்ட்வேர் விழுந்துவிட்டது, பாடினதெல்லாம் போச்சு என்று அர்த்தம். அண்ணன் துளியும் அசர மாட்டார்.

"ஒண்ணும் ஆகலக்கா. இன்னொரு வாட்டி பாடிடுங்க!"

எப்போதும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. சுதி விலகிப் பாடினால் சமர்த்தாக சேவ் ஆகும். உருகிப் பாடினால்தான் விழும்.

காய்கறி வண்டி முனியப்பா ஒரு நாள் ஸ்பீக்கரில் போடுவதற்காகக் கூவி வைக்க வந்தார். "டொமேட்டோ, ஈருள்ளி, ஆலூகட்டே" என்று தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்குக் கன்னடத்தில் மூன்றே வார்த்தை. சாப்ட்வேர் விழ விழ, காலையில் கூவ ஆரம்பித்தவர் சாப்பாட்டு நேரம்வரை கூவினார். கடைசியில் சேவ் ஆனபோது அவருக்குத் தொண்டையில் காற்றுதான் மிச்சம். மறுநாள் அந்த அழுகைக் குரல் தெருவுக்குள் வந்ததும், "பாவம், வீட்ல ஏதோ துக்கம் போல" என்று எல்லோரும் தக்காளியைக் கூடுதலாக வாங்கினோம். முனியப்பா இன்றைக்கும் அதை மாற்றவில்லை.

எங்கள் வெள்ளிக்கிழமை பஜனைக் குழு முதல் தடவை அங்கே போனபோது வாசலிலேயே நின்றுவிட்டோம். எதிரொலி வராமல் இருக்க சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தது.

"ஏன்ணா, முட்டை நடுவுல நின்னா சாமி பாட்டு பாடறது?" என்று கேட்டேன்.

"முட்டை எங்கக்கா இருக்கு? வெறும் அட்டை. அதுக்கும் ஒவ்வொண்ணுக்கும் விபூதி வச்சிருக்கேன், பாருங்க."

பார்த்தோம். வைத்திருந்தார். கூரைவரை ஏணி போட்டு ஏறி வைத்திருந்தார்!

கம்ப்யூட்டருக்கு அவர் செய்யாத வைத்தியம் இல்லை. எலுமிச்சம்பழம் வைத்தார். வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி காட்டினார். ஒரு முறை ரிப்பேர்காரர் பெட்டியைத் திறந்துவிட்டு இருமிக்கொண்டே, "ஏன் சார் இது, ஒளகே ஹோமா மாடிதீரா?" என்று கன்னடத்தில் கேட்டார். உள்ளே ஹோமம் வளர்த்தீர்களா என்று! கரியெல்லாம் துடைத்துவிட்டு, நடுநடுவே பாட்டை நிறுத்தி சேவ் பண்ணச் சொல்லிப் போனார்.

"சாமி பாட்டை நடுவுல நிறுத்தறதாவது! எங்க அக்காங்க எடுத்தா, ஆரத்தியிலதான் விடுவாங்க" என்றார் அண்ணன். அது உண்மைதான். எடுத்த பாட்டை நாங்கள் பாதியில் விட்டதே கிடையாது.

இந்த நிலைமையில்தான் சரசக்கா மகனோடு இருக்க ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். சரசக்காதான் எங்கள் குழுவுக்குக் குரல். மற்றவர்களுக்கு பக்தி உண்டு, சுதி கிடையாது. அவர் எடுத்துக் கொடுக்காமல் அடுத்த வெள்ளிக்கிழமை எப்படிப் பாடுவது? அவர் பாட்டை ரெக்கார்டிங் செய்து வைத்துக்கொண்டால் கூடவே பாடிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். மறுநாள் விமானம். மூட்டை முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார் சரசக்கா.

முதல் தடவை பாடினார், விழுந்தது. "இன்னொரு வாட்டி" என்றார் அண்ணன். பாடினார், விழுந்தது. அடுத்த முறை சரசக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடினார் பாருங்கள், கீழே மில்காரர் மிஷினை நிறுத்திவிட்டுப் படியேறி வந்து நின்றார். பாட்டு முடிந்தது. அண்ணன் பட்டனை அழுத்தினார். திரை வெளுத்தது.

"இன்னொரு வா..." என்று ஆரம்பித்தவர், சரசக்கா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அக்கா வாயைத் திறந்தார், சத்தமே வரவில்லை. தொண்டை கட்டிவிட்டது.

அண்ணன் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார். திரும்ப சாப்ட்வேரைத் திறந்ததும் குட்டியாக ஒரு கட்டம் வந்து ஏதோ கேட்டது. அண்ணன் பழக்கப்படி கையை அங்கே கொண்டுபோனார்.

"இருங்கண்ணா, அது என்னமோ கேக்குதே?" என்று தடுத்தேன்.

"அதுவா? முடிக்காத ரெக்கார்டிங் ஒண்ணு கெடக்கு, வேணுமா, தூக்கிப் போடட்டுமான்னு கேக்கும். விழுந்து எழுந்தா எப்பவும் கேக்கறதுதான்."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"தூக்கிப் போடுன்னுதான். பின்ன? பழைய பூவை எடுத்துட்டுத்தானேக்கா புதுப் பூ வைக்கணும்? மிஷின் பாதியில துப்பின பாட்டை சாமிக்கு வைக்கலாமா? எச்சில் இல்லியா?"

மில்காரர் தலையில் அடித்துக்கொண்டார்: "அட பாவி மனுஷா!"

அப்போதும் அண்ணன் இறங்கி வரவில்லை. "ஆச்சாரம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்று பிடிவாதமாக நின்றார். சரசக்கா அவரைக் கிட்டே வரச் சொல்லி, காற்றாகப் போன குரலில் சொன்னார்: "காட்டுல ஒரு கெழவி கடிச்சுக் கடிச்சுப் பாத்துக் குடுத்த பழத்தையே சாமி வாங்கித் தின்னாரே, அண்ணா. இதை வேணாம்னுடுவாரா?"

அண்ணன் யோசித்தார். எழுந்து போய்க் கை கால் கழுவி, விபூதி பூசிக்கொண்டு வந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, 'வேணும்' என்று அழுத்தினார்.

முழுப் பாட்டும் கிளம்பி வந்தது! ஒரு எழுத்து குறையாமல்! நாங்கள் போட்ட கூச்சலில் முட்டை அட்டை ஒன்று கழன்று மில்காரர் தலையில் விழுந்தது. அண்ணன் மட்டும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ... அந்த முனியப்பா..."

"அவர்கிட்ட மூச்சு விடாதீங்க" என்றேன். சரசக்கா சத்தமே இல்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

பிறகு பாட்டை முதலிலிருந்து கேட்டோம். கடைசி அடியில் சரசக்கா குரலுக்கு அடியில் யாரோ முணுமுணுப்பது கேட்டது. அண்ணன்தான். மைக்குப் பக்கத்தில் இருப்பதை மறந்து வேண்டியிருக்கிறார்: "முருகா, கரண்டு போகாம பாத்துக்கப்பா. அக்கா தெரியாத ஊருக்குப் போறாங்க, குளிர் தாங்க மாட்டாங்க, கூடவே இருப்பா."

அண்ணனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அதை வெட்டிட்டுக் குடுத்துடறேன்கா" என்று மவுஸை எடுத்தார். சரசக்கா அவர் கையைத் தட்டிவிட்டார்.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பாட்டைப் போட்டுக் கூடவே பாடுகிறோம். கடைசி அடி வந்ததும் எல்லோரும் தாளத்தை மெதுவாக்கிக்கொள்வோம், அண்ணன் வேண்டி முடிக்கட்டும் என்று.