நூற்றுக்கு நாற்பது மழை

டிவியில் வானிலை அறிக்கை சொல்கிறவரைப் பார்த்து எங்கள் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். நான் மட்டும் சிரிக்க மாட்டேன். பாவம், அவர் கஷ்டம் அவருக்கு. ஒரு கோடையில் ஐந்தே ஐந்து நாள் நானும் அந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். ஆறாவது நாள் என்னை யாரும் வேலையை விட்டுத் தூக்கவில்லை. நானே போய்க் கரும்பலகையைத் துடைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது இது. திட்டக்குடியிலிருந்து விருத்தாசலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கையில் எம்.எஸ்ஸி. இயற்பியல் பட்டம், தலையில் கொம்பு. (கொம்பு வெளியே தெரியாது. வாயைத் திறந்தால் குத்தும்.) மாமனாருக்கு ஊர்க்கோடியில் சின்னதாக ஒரு பீங்கான் கம்பெனி, ஊறுகாய் ஜாடி செய்கிற இடம். கணவருக்கு ரயில்வேயில் வேலை. ஷிப்ட்டு முடிந்து வந்தால் தூங்குவார். அவரை இந்தக் கதைக்காக எழுப்ப வேண்டாம்.

எனக்கு எம்.ஃபில். படிக்க ஆசை. ஆசை என்றால் சும்மா இல்லை, சமைக்கும்போதும் அதே நினைப்பு. சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்த பேராசிரியர் ஒருவர், கடலோர மாவட்டங்களில் கோடை இடிமழை எங்கே வரும், எங்கே வராது என்று முன்கூட்டிக் கணிக்கிற ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வந்து சேர்ந்துகொள் என்று சொல்லியிருந்தார். கல்யாணமான புதிதில் தினமும் பஸ் ஏறிப் படிக்கப் போவதென்றால் மாமனார் சம்மதிக்க வேண்டும். மாமா கோபக்காரர் இல்லை. அதுதான் கஷ்டம். கோபக்காரராக இருந்தால் சண்டை போட்டு ஜெயிக்கலாம். இவர் எதைக் கேட்டாலும் நிதானமாக ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பார்.

"அதப் படிச்சா என்னம்மா பண்ணலாம்?"

"இடிமழை வருமா வராதான்னு முன்னாடியே சொல்லிடலாம் மாமா. கடலூர்லேருந்து நாகப்பட்டினம் வரைக்கும் சொல்லலாம்."

மாமா கம்பெனி முற்றத்தைப் பார்த்தார். பலகைக்குப் பத்தாக இருபது பலகையில் இருநூறு ஜாடி காய்ந்துகொண்டிருந்தது. எல்லாம் பச்சை ஜாடி, அதாவது இன்னும் சூளைக்குப் போகாதது. நாலு தூறல் விழுந்தால் போதும், ஜாடி திரும்பவும் களிமண்ணாகிவிடும். கடைவீதியில் புதிதாகப் பாத்திரக்கடை திறக்கப்போகிற பஷீர் பாய் சொல்லிவைத்த சரக்கு அது. பத்து வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்து, முதல் கடை.

"நாகப்பட்டினம் கெடக்கட்டும். இந்த முத்தத்துக்கு மழை வருமான்னு சொல்லுவியா?"

"சொல்லுவேன் மாமா." (யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.)

"சரி. பாய் சரக்கு காயற வரைக்கும் ஒரு வாரம் சொல்லு. சரியா இருந்துச்சுன்னா நானே சிதம்பரம் கூட்டிம்போயி சேத்து வுடறேன்."

அன்றிலிருந்து நான் வானிலை அதிகாரி. காலை ஒன்பது மணிக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய்விடுவேன். செயற்கைக்கோள் படம் மேலிருந்து கீழே அங்குலம் அங்குலமாக இறங்கும். காஷ்மீர் வந்து, டெல்லி வந்து, தமிழ்நாடு வருவதற்குள் அரைமணி நேரம் தீர்ந்துபோகும். விஷயம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. மேற்கே கல்வராயன் மலைப் பக்கம் பகல் சூட்டில் மேகம் திரளும். கிழக்கே கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வரும். இரண்டும் எங்கே முட்டிக்கொள்கிறதோ அங்கே இடி, மழை. எங்கே முட்டும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. அதனால்தான் உறுதியாகச் சொல்லாமல் சதவீதத்தில் சொல்வது. பேராசிரியர் அப்படித்தான் சொல்வார். நானும் சைக்கிளில் திரும்பி வந்து, கம்பெனி வாசலில் இருந்த கரும்பலகையில் எழுதினேன்: இன்று மழை 70%.

முற்றத்துக்கு அஞ்சலை அக்கா பொறுப்பு. இருபது வருஷமாக அங்கே வேலை பார்க்கிறவர். கரும்பலகையைப் படித்துவிட்டு, "எழுவதா சின்னம்மா?" என்று கேட்டார். "ஆமாங்க்கா" என்றேன். மத்தியானத்துக்குள் ஜாடிகளைக் கொட்டகைக்குள் தூக்கிவிட்டார்கள். பலகைக்கு இரண்டு பேர், ஆடாமல் அசையாமல். அப்படியும் நாலு ஜாடிக்குக் காது உடைந்தது. சாயங்காலம் பார்த்தபோது ஆறு பலகை முற்றத்திலேயே இருந்தது. ஏன் விட்டார்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தொழில் தெரியாது என்று நினைத்துவிடுவார்களே! தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். மழை வரவில்லை.

மறுநாள் ஐம்பது போட்டேன். பாதி உள்ளே, பாதி வெளியே. மழை இல்லை. மூன்றாம் நாள் அறுபது. அன்றைக்கு சிதம்பரத்தில் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா மாமா, சொன்ன மாதிரியே கடலோரத்துல பேஞ்சிடுச்சு!"

"நம்ம ஜாடி இங்கல்ல இருக்குது" என்றார் மாமா.

நாலாம் நாள் இருபது. ஐந்தாம் நாள் படத்தில் மலைப் பக்கம் லேசாக ஒரு வெள்ளைத் திட்டு. அதிகமாகப் போட்டு அசிங்கப்பட்டது போதும் என்று நாற்பது எழுதினேன். அன்று பெண்ணாடத்தில் நாத்தனார் பிள்ளைக்குக் காதுகுத்து. மாமா, அத்தை, நான் மூன்று பேரும் பதினோரு மணி பஸ்ஸில் கிளம்பினோம். கம்பெனியை அஞ்சலை அக்காவிடம் விட்டாயிற்று.

காது குத்தி, பிள்ளை அழுது முடித்து, பந்தி உட்காரும்போது மணி இரண்டு. நான் சும்மா சாப்பிட்டிருக்கலாம். பக்கத்து இலைக்காரர்களுக்கெல்லாம் மேகம் எப்படி உண்டாகிறது என்று வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். (ஒரு அம்மா பாதியில் எழுந்து வேறு பந்திக்குப் போனார். ரசம் வேண்டும் என்பதற்காக என்று அப்போது நினைத்தேன்.) வடமேற்கே வானம் கறுத்தது. தூரத்தில் உருட்டுகிற சத்தம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் பயமில்ல. அது அப்படியே கெழக்கால நகந்து கடலுக்குப் போயிடும்" என்றேன்.

மாமா சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார், "கடலுக்குப் போற வழியிலதாம்மா விருத்தாசலம் இருக்குது."

கையில் எடுத்த சாதத்தை நான் இலையிலேயே போட்டேன். மாமா பதறவில்லை. கை கழுவிவிட்டு, மாப்பிள்ளையின் செல்போனை வாங்கி, கம்பெனிக்கு எதிரே இருக்கிற டீக்கடைக்குப் போன் போட்டார். அஞ்சலை அக்காவைக் கூப்பிடச் சொல்லி இரண்டு வார்த்தை பேசினார். என் பக்கம் திரும்பி, "கவலப்படாத. நீ எழுதுனபடியே உள்ள எடுத்து வச்சாச்சாம்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அப்பாடா! இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக் குடித்தேன். அந்தப் பாயசத்தை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நாலரை மணிக்கு விருத்தாசலத்தில் இறங்கியபோது மழை நின்றிருந்தது. ரோடெல்லாம் தண்ணீர், வேப்பங்கிளை முறிந்து கிடந்தது. ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குப் போனோம். முற்றத்தில் பன்னிரண்டு பலகை வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் பத்துப் பத்துக் களிமண் குவியல். சிலது ஜாடியாக இருந்த ஞாபகத்தில் வாயைப் பிளந்துகொண்டு சாய்ந்திருந்தது. கொட்டகைக்குள் எட்டு பலகை பத்திரமாக இருந்தது. அதற்குள் இன்னும் முப்பது பலகைக்கு இடமும் இருந்தது.

"ஏங்க்கா உள்ள எடுக்கல?" என்று கேட்டேன்.

அஞ்சலை அக்கா நனைந்த புடவையோடு நின்றிருந்தார். மழை வந்த பிறகும் தூக்கப் பார்த்து முடியவில்லை என்பது கையில் இருந்த மண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. "எடுத்தனே சின்னம்மா. நூத்துக்கு நாப்பதுன்னு போட்டிருந்தீங்க. இருவது பலகைக்கு எட்டு பலகை. எண்ணிப் பாத்துக்குங்க, ஒண்ணு கொறையாது."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. எழுபது போட்ட நாளில் பதினாலு பலகை, ஐம்பது போட்ட நாளில் பத்து. அந்தக் கம்பெனியில் சதவீதம் என்றால் ஒரே அர்த்தம்தான். சூளையைப் பிரிக்கும்போது "நூத்துக்கு பத்து போச்சு" என்பார்கள். நூறு ஜாடியில் பத்து உடைந்தது என்று பொருள். ஆக, மழை நாற்பது என்றால் நூறு ஜாடியில் நாற்பதுக்கு ஆபத்து. நாற்பதை உள்ளே வைத்துவிட்டால் மிச்சத்துக்குப் பயமில்லை. ஐந்து நாளாக ஒரு கம்பெனியே என் கணக்கை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறது. அர்த்தம் சொல்ல வேண்டிய நான்தான் சொல்லவே இல்லை.

சரி, மாமாவாவது திட்டுவார் என்று பார்த்தேன். அவர் குவியல்களைச் சுற்றி வந்தார். ஒரு குவியலை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்கிற ஆசையோடு என்னைக் கேட்டார்:

"நீ நாப்பதுன்ன. நாப்பதையும் உள்ள வச்சுட்டோம். மீதி அறுவது எப்புடிம்மா நனைஞ்சுது?"

அவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்! "அது வந்து மாமா, இதே மாதிரி நூறு நாள் இருந்தா, அதுல நாப்பது நாள்..." என்று ஆரம்பித்தேன். "நமக்கு இருந்தது இன்னிக்கி ஒரு நாளுதானம்மா" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது.

மறுநாள் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அஞ்சலை அக்காவோடு மண் மிதிக்க இறங்கினேன். கரைந்த மண்ணை மறுபடி மிதித்துத்தான் ஜாடி செய்ய வேண்டும். பாதி மிதித்துக்கொண்டிருக்கும்போது பஷீர் பாய் வந்தார்.

"எண்பதுதானாண்ணே?" என்றார் மாமாவிடம். "நேத்து அடிச்ச காத்துல ஊர் மாங்காயெல்லாம் கொட்டிப் போச்சு. வூட்டுக்கு வூடு ஊறுகா போடறாங்க. முந்நூறு இருந்தாலும் கடை தெறக்கற அன்னிக்கே போயிடும்."

(என்னை யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் நான் மிதிக்கிற வேகத்தைக் கூட்டினேன்.)

பாய் எண்பதை வைத்தே கடை திறந்தார். மிச்சம் ஒரு மாதம் கழித்துப் போய்ச் சேர்ந்தது. சிதம்பரம் பேச்சை நான் எடுக்கவே இல்லை. சேர வருகிறேன் என்று பேராசிரியருக்கு முன்பே எழுதிவைத்திருந்த கடிதத்தைப் போஸ்ட் பண்ணாமல் கிழித்துப் போட்டேன். அந்த ஒரு மாதம் நான் உண்மையிலேயே நொந்துபோயிருந்தேன்.

மிச்ச ஜாடியும் பாய் கடைக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். "சர்டிபிகேட்டெல்லாம் எடுத்துக்கம்மா. சிதம்பரம் பஸ்ஸு எட்டே காலுக்கு."

"நான்தான் தப்பா சொல்லிட்டனே மாமா."

"அது தப்பா, எங்களுக்குப் புரியலையான்னு எனக்கு இன்னும் தெளியல. படிச்சவரு ஒருத்தரக் கேட்டுடலாம்னு இருக்கேன்."

கேட்டும்விட்டார். பேராசிரியர் அறையில் உட்கார்ந்து, ஜாடி, பலகை, நாற்பது, அறுபது எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லி, "மீதி எப்புடிங்க நனைஞ்சுது?" என்றார். பேராசிரியர் முதலில் சிரித்தார். பிறகு சாக்பீஸை எடுத்தார். ஒரு மணி நேரம் போர்டில் எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். மாமா கடைசிவரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் என்னைத் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அவருக்கும் சரியாத் தெரியலம்மா. நீயே சேந்து படி."

படித்தேன். எம்.ஃபில். முடித்து, அதற்கு மேலும் படித்து, இப்போது ஒரு கல்லூரியில் இதையேதான் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் மழை வருமா என்று என்னை யாரும் கேட்பதில்லை. மொட்டை மாடியில் வற்றல் காயும் நாளில் வானம் இருட்டினால், மாமா வீட்டிலிருந்தே எனக்குக் கல்லூரிக்குப் போன் போடுவார். "எத்தினி தட்டும்மா உள்ள எடுக்கட்டும்?" பின்னால் அத்தை சிரிக்கிற சத்தம் கேட்கும். இத்தனை பட்டம் வாங்கியும் என்னிடம் அதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது. "எல்லாத்தையும் எடுத்துடுங்க மாமா."