சிடியைத் துப்பும் கார்

அன்புள்ள மாப்பிள்ளை ஆதவன் அவர்களுக்கு,

அடி அண்ணாமலையிலிருந்து மாமனார் முருகையன் எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் உங்கள் அத்தை பச்சையம்மாளும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறீர்கள். ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி சினேகா காதில் விழுந்தால் கலங்கிப்போவாள். அதனால்தான் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை வளைகாப்புக்கு உங்கள் அத்தை வரமாட்டாள் போலிருக்கிறது.

அவளுக்கு வண்டி ஏறினால் வாந்தி என்பது உங்களுக்கே தெரியும். முப்பத்தோரு வருஷம் கவர்மெண்ட் பஸ் ஓட்டியவன் பெண்டாட்டிக்கு இப்படி ஒரு வரம். உங்கள் நிச்சயத்துக்கு பெங்களூர் வந்தபோது, வேனை விட்டு இறங்கியதும், உங்கள் அம்மா வாசலை அடைத்துப் போட்டிருந்த கலர்க் கோலத்தின் மேலேயே... வேண்டாம், நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள். அந்த வெட்கம் அவளுக்கு இன்னும் போகவில்லை. போன வருஷம் நீங்கள் புதுக் கார் வாங்கிக்கொண்டு பழையதை எங்களுக்குக் கொடுத்தீர்களே, அதில்தான் மருந்து கண்டுபிடித்தோம். அவளுக்குப் பிடித்த பதினெட்டுப் பாட்டு இருக்கிற ஒரு சிடி. அதைப் போட்டுவிட்டால் கூடவே பாடிக்கொண்டு வருவாள், பாடுகிற வாய்க்கு வாந்தி வராது. வேலூர் போய் வந்தோம், பாண்டிச்சேரி போய் வந்தோம், ஒரு எலுமிச்சம்பழம்கூட தேவைப்படலை. அந்த சிடியைத்தான் போன மாசம் வெயிலில் டேஷ்போர்டு மேல வச்சு மறந்துட்டேன். அப்பளம் மாதிரி வளைஞ்சுபோச்சு. யாரு வச்சதுன்னு கேட்டா. மாப்பிள்ளை வந்தப்ப வச்சிட்டாருன்னு சொல்லிட்டேன். மன்னிக்கணும், அந்த நேரத்துல உங்க பேருதான் வாயில வந்துச்சு.

போனில் பாட்டு போடலாமே என்பீர்கள். போட்டோம். அவள் பாட ஆரம்பித்ததும் எவனோ லோன் வேணுமான்னு கூப்பிடுறான், பாட்டு நிக்குது, குமட்டல் வருது. உங்கள் கார் செட்டில் பென்டிரைவ் சொருக ஓட்டை கிடையாது, அதற்குப் போனோடு பேசத் தெரியாது, சிடிக்கு மட்டும் ஒரு வாய். ஆகவே நானே சிடி எழுதுவது என்று இறங்கினேன். சினேகா காலேஜில் வைத்திருந்த லேப்டாப் இருக்கிறது. எழுதாத சிடிக்காகத் திருவண்ணாமலை முழுக்க அலைந்தேன். கடைசியில் தேரடித் தெருவில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தசரதன் பரணிலிருந்து தூசு தட்டி ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தான். "இத இன்னும் யாருண்ணா கேக்குறாங்க?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தான்.

முதல் சிடியில் ஆசைப்பட்டு இருநூறு பாட்டு ஏற்றினேன். கார் உள்ளே இழுத்தது, கொர்ர் என்றது, வெளியே துப்பியது. தசரதனிடம் ஓடினேன். "அண்ணா, இது அந்தக் காலத்து செட்டு. எம்பித்ரீ எல்லாம் படிக்காது. ஆடியோ சிடியா எழுதுங்க, பதினெட்டு இருவது பாட்டுக்கு மேல வாணாம்" என்றான். எழுதினேன், துப்பியது. "எழுதி முடிச்சதும் ஃபைனலைஸ் பண்ணீங்களா? பண்ணலன்னா கார் படிக்காது." பண்ணினேன், துப்பியது. "ஸ்பீடு ஜாஸ்தி வச்சிருப்பீங்க. கம்மி பண்ணி எழுதுங்க." மாடு நடக்கிற வேகத்தில் வைத்து எழுதினேன், அதையும் துப்பியது. இத்தனைக்கும் ஒவ்வொரு சிடியையும் எழுதி முடித்ததும் லேப்டாப்பிலேயே போட்டுப் பார்ப்பேன், கணீர்னு பாடும். வாசலுக்கு எடுத்துப்போனால் காருக்குப் பிடிக்காது. அப்போ கோளாறு காரில்தானே? காரைக் கொடுத்தது யார்? நான் ஒன்றும் சொல்லவில்லை, நீங்களே யோசித்துப் பாருங்கள்.

என் பக்கம் ஒரு குறையும் வைக்கவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாள்கூட பூஜை போடாமல் பஸ்ஸை எடுத்ததில்லை, ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. புது டயரோ புது பேட்டரியோ, வண்டிக்குள் எது போனாலும் பொட்டு வைத்துத்தான் போகும். சிடிக்கும் அப்படியே. பாட்டுப் பேர் எழுதியிருக்கிற பக்கத்தில் வைத்தால் எழுத்து அழிந்துவிடும் என்று, பளபளவென்று காலியாக இருக்கிற பக்கமாகப் பார்த்து வைத்தேன். முதல் சிடிக்குக் குங்குமம் மட்டும். அது ஓடாததால் அடுத்ததற்குச் சந்தனமும் சேர்த்தேன். அதுவும் ஓடவில்லை என்றதும், பூஜையில்தான் ஏதோ கம்மி என்று மூன்றாவதற்கு விபூதியில் பட்டையே போட்டேன். நாலாவதற்குக் கற்பூரமும் காட்டினேன். இதுக்கு மேல ஒரு மனுஷன் இன்னா பண்ணுவான், சொல்லுங்க?

நின்ற வண்டியில் படிக்காது, ஓடுகிற வண்டியில் படிக்கும் போல என்று நினைத்து நேற்று கிரிவலப் பாதையில் மலையை மூன்று சுற்று சுற்றினேன். உங்கள் அத்தை பின்சீட்டில் பட்டுப்புடவையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பாட்டு எப்போ வரும் எப்போ வரும் என்று வாயைத் திறந்து வைத்திருந்தாள். பாட்டு வரவில்லை. வேறொன்று வந்தது. நடந்து போன சாமியார் ஒருத்தர் ஓரமாக ஒதுங்கிவிட்டார், அந்தமட்டும் நிம்மதி. அஞ்சாவது சிடி இப்போது செட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. துப்பவும் மாட்டேன்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள்: "பாட்டு இல்லாம நான் வரலைங்க. மறுபடியும் போய் சம்பந்தியம்மா வாசல்ல வாந்தி எடுத்துக்கினு நிக்க என்னால ஆவாது. நீங்க போய் புள்ளைக்கு வளையல் போட்டுட்டு வாங்க." அப்பன் போய் என்னத்தைப் போடுவது? கீழ்பென்னாத்தூர் போய்ப் பச்சையும் சிவப்புமாகத் தானே பொறுக்கி வாங்கி வைத்த கண்ணாடி வளையல். நாளைக்குப் பத்து தடவை பெட்டியைத் திறக்கிறாள், மூடுகிறாள். எனக்கு உட்கார முடியலை, நிக்க முடியலை, சோறு இறங்கலை. ஒத்தப் பொண்ணு வளைகாப்புக்குப் பெத்தவ இல்லன்னா எப்படிங்க மாப்பிள்ளை?

ஆகவே கேட்கிறேன். ஏழாம் மாதத்துக்குப் பதிலாக ஒன்பதாம் மாதத்தில் வைத்துக்கொள்ளலாமா? அதற்குள் நீங்கள் அங்கேயே ஒழுங்காக ஒரு சிடி எழுதி கூரியரில் அனுப்புங்கள். இந்தத் தசரதன் ஊசிப்போன சிடியை என் தலையில் கட்டிவிட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

சினேகாவுக்கும் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசீர்வாதம். உங்கள் அப்பா அம்மாவுக்கு வணக்கம். கோல விஷயத்தை அவர்கள் மறந்திருந்தால் ஞாபகப்படுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
நிலைகொள்ளாத மாமனார்,
முருகையன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் சமயத்தில் தசரதன் வந்து செட்டைக் கழற்றினான். மாட்டியிருந்த சிடியை வெளியே எடுத்துத் திருப்பினான். என்னைப் பார்த்தான். மறுபடி சிடியைப் பார்த்தான். "அண்ணா, இது இன்னாது, பட்டையா?" என்றான். பூஜை விவரமெல்லாம் சொன்னேன். தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "பளபளன்னு இருக்கிற பக்கத்துலதாண்ணா பாட்டே இருக்கு. அதப் படிக்க உள்ள ஒரு சின்னக் கண்ணு இருக்கு. அந்தக் கண்ணுல விபூதியக் கொட்டிட்டு பாடு பாடுன்னா அது எப்படிப் பாடும்?" பஞ்சால் துடைத்துத் துடைத்து எடுத்தான். ஒரு நெற்றிக்குத் தாராளமாகக் காணும். நாலாவது சிடியைக் கழுவித் துடைத்துப் போட்டான். பாடியது. உங்கள் அத்தை ஈரக் கையோடு ஓடி வந்து, நின்ற காரிலேயே உட்கார்ந்து பதினெட்டுப் பாட்டையும் பாடி முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். இறங்கி வந்து குங்குமச் சிமிழை என் கையில் கொடுத்து, "இனிமே இத உங்க நெத்தியில மட்டும் வச்சிக்குங்க" என்றாள். வெயிலில் சிடியை வைத்தது நீங்கள் இல்லை, நான்தான் என்பதையும் அந்தச் சூட்டிலேயே சொல்லிவிட்டேன். அது தனக்கு அன்றைக்கே தெரியும் என்கிறாள்.

ஆகவே மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்கவேண்டாம். கார் நல்ல கார், தசரதன் நல்லவன். ஒன்பதாம் மாதம் எல்லாம் வேண்டாம், வெள்ளிக்கிழமை காலையில் வளையல் பெட்டியோடு நாங்கள் வந்துவிடுவோம்.

அம்மாவிடம் சொல்லி, கோலத்தை மட்டும் வாசலிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.