முனியாண்டிக்குக் குரல் கொடுத்தவர்

எனக்கு ஓர் இடத்தில் நிற்கத் தெரியாது. ஈப்போவில் தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் வார்டில் நான் நடந்ததைவிட ஓடியதுதான் அதிகம் (ஓடினால் வேலை தெரிந்தவள் என்று நினைப்பார்கள் என்பது என் கணக்கு).

சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பாக்கியம் என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பிரசவத்தில் ரத்தம் கொட்டி, உதடெல்லாம் வெளுத்துக் கிடந்தாள். ரத்தம் ஏற்றுவது அப்போது எங்களுக்கே புதுசு. கூட வந்த இருவரின் ரத்தத்தையும் டாக்டருக்கு உதவியாளரான டிரஸ்ஸர் கண்ணாடித் துண்டில் சோதித்தார். அண்ணன் முனியாண்டியின் ரத்தம் ஒத்துப்போனது. கணவன் சடையனுடையது திரிந்து கட்டிகட்டியானது. அதை ஏற்றினால் அவள் உயிரே போய்விடும்.

அடுத்த அறையில் ஊசி வேகவைத்துக்கொண்டிருந்த நான் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை. "முனியாண்டியைக் கூட்டி வா" என்றதும் பறந்தேன். வராந்தாவில் நின்று, "முனியாண்டி!" என்று கத்தினேன்.

"இருக்கேங்க!" ஒருவர் துள்ளி எழுந்தார்.

"நீங்கதானே முனியாண்டி?"

"ஆமாங்க மிஸ்ஸி."

அப்புறம் என்ன? கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் படுக்கவைத்து, முழங்கைக்கு மேலே கட்டும் போட்டுவிட்டேன். பாக்கியத்தின் நாடி நழுவிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரே பதைப்பு. வெள்ளைக்கார டாக்டரோ ஊசியோடு நிதானமாக வந்து, தெரிந்த மலாயில் பெயர் விசாரித்தார்.

"சியாப்பா நாமா?"

"சடையன், துவான்."

பாய்ந்து போய்க் கைக்கட்டை அவிழ்த்தேன்.

"ஏன்யா முனியாண்டின்னு சொன்னீங்க?"

"மச்சான் சுருட்டுப் பிடிக்கப் போயிருக்கான் மிஸ்ஸி. காலைப் பெரட்டுல பேரு கூப்புடுறப்ப ஆள் இல்லேன்னா அன்னிக்கு வேல கெடையாது. அதான் ஒருத்தனுக்கொருத்தன் கொரல் குடுத்துக்குவோம். ரத்தந்தானே, எங்கிட்டயும் இருக்கு. எடுத்துக்கச் சொல்லுங்க!" என்று அழுதார்.

திட்டக்கூட நேரமில்லை. பின்பக்கம் ஓடி, சுருட்டும் கையுமாக லோங்காங் சாக்கடை ஓரம் நின்ற நிஜ முனியாண்டியைப் பிடித்து வந்தேன். பாக்கியம் பிழைத்தாள். டாக்டர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "பெயரை நீ எடுத்துக் கொடுக்காதே. அவர்களையே சொல்லவிடு." அவர் போனதும் துணி அறைக்குள் புகுந்து ஓவென்று அழுதேன்.

அந்த வார்த்தை எனக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கிவிட்டது என்பது என் கல்யாணத்தன்றுதான் தெரிந்தது. "இந்த ஞானமுத்துவை ஏற்றுக்கொள்கிறாயா?" என்று போதகர் கேட்டதும், நான் மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "உங்க பேரைச் சொல்லுங்க" என்றேன். கோயிலே சிரித்தது. இன்றைக்கும் அவர் வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றுமுன் வாசலில் விறைப்பாக நின்று குரல் கொடுக்கிறார்:

"ஞானமுத்து, தகப்பன் பேரு யோசேப்பு. உள்ள வரலாமா மிஸ்ஸி?"