இறந்த பிறகும் சந்தா கேட்டவருக்கு

என் வழுக்கை ராசாவுக்கு,

உங்கள் மனைவி எழுதிக்கொள்வது. நான் நலம், நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன் என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்கப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். உங்கள் நலத்தை இனிமேல் விசாரித்து என்ன ஆகப்போகிறது. என் நலம் எப்படி என்றால், முட்டி வலிக்கிறது, மகன் தினமும் போன் செய்து சாப்பிட்டியாம்மா என்று கேட்கிறான், சாப்பிட்டேன் என்கிறேன், பாதி நாள் அது உண்மை. இங்கே நான் ஒரு வம்பு பண்ணிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் வகுப்பிலிருந்து அடுத்தபடியாக அங்கே வருகிறவர் யாராக இருந்தாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் இதைத்தான் உங்களிடம் சொல்வார். அவர் கை கால் வைத்துச் சொல்வதற்குள் நானே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். எட்டாம் வகுப்பு எழுதும் கடிதம், தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தாமல் படியுங்கள்.

எல்லாம் உங்கள் போனால் வந்தது. பல்கலைக்கழகத்தில் உங்களோடு படித்தவர்களின் வகுப்புச் சங்கத்துக்குப் பொருளாளராக இருந்தீர்களே, வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் அந்தப் பதவியிலிருந்து ஓய்வு பெறாமல் காலையில் காப்பி குடிக்கும்போதுகூட யார் யார் சந்தா கட்டவில்லை என்று முனகிக்கொண்டு இருந்தீர்களே, அதற்காக மகனிடம் கேட்டு மாதம் பிறந்தால் எல்லாருக்கும் தானாக ஒரு மெசேஜ் போகிற மாதிரி போனில் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கும் தெரியாது, அவனும் மறந்துவிட்டான். உங்கள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் ஊருக்குப் போய், வீடு வெறிச்சோடிக் கிடந்த நாளில் அது போய்விட்டது. "அன்பு நண்பரே, நான் உங்களை மறக்கவில்லை. நீங்கள்தான் சந்தாவை மறந்துவிட்டீர்கள். விரைவில் சந்திப்போம்." இவ்வளவுதான் அதில் இருந்தது. சாதாரண நாளில் படித்தால் சாதாரணமாகத்தான் இருக்கும். அன்றைக்கு முதல் போன் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஹலோ என்றேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"யாரு பேசறது?"

"அவர் சம்சாரம்."

"அவர் நம்பர்லேருந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும்மா."

"என்னன்னு?"

"விரைவில் சந்திப்போம்னு."

"சந்தா பாக்கி இருக்கா?"

"இருக்கு. ரொம்ப வருஷமா இருக்கு."

"அப்ப கட்டிடுங்க. அவர் விடமாட்டார்."

கட்டிவிட்டார். அவர் மட்டுமா, ஒரு வாரத்துக்குள் உங்கள் வகுப்பே கட்டிவிட்டது. பட்டம் வாங்கின நாளிலிருந்து ஒரு பைசா தராத மனிதர் ஆயுள் சந்தாவாகவே கட்டி, ரசீது வேண்டாம், அவருக்குத் தெரிந்தால் போதும் என்று எழுதி அனுப்பினாராம். நீங்கள் உயிரோடு இருந்து வாய் வலிக்கக் கேட்டபோது வராத பணம். செயலாளர் வீட்டுக்கு வந்து, "அக்கா, தயவுபண்ணி அதை நிறுத்துங்க, ரெண்டு பேருக்கு பிரஷர் ஏறிடுச்சு" என்று கெஞ்சினார். நிறுத்த மாட்டேன் என்றேன். மாதத்தில் ஒரு நாளாவது அந்தப் போன் உங்கள் பேச்சைப் பேசுகிறது, அதை எதற்கு நான் நிறுத்த வேண்டும். பிரஷர் இருப்பவர்கள் சந்தாவைக் கட்டிவிட்டு மாத்திரை போடட்டும்.

அந்தப் பணம்தான் வம்புக்கு விதை. தலைவர் வந்தார். கையில் மைக் கிடைத்தால் பிடுங்கத்தான் வேண்டும் என்று நீங்கள் 'மைக்' என்று பேர் வைத்தீர்களே, அவரேதான். வந்தவர் நேராக உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஆடும் என்று நான் சொல்லவில்லை. ஆடிற்று, பிடித்துக்கொண்டார். உங்கள் பேரில் ஒரு விருது வைக்கப் போகிறோம், ஒவ்வொரு வருஷமும் வட்டிப் பணத்திலிருந்து பல்கலைக்கழகத்தில் முதல் மார்க் வாங்குகிற பிள்ளைக்குக் கொடுக்கப் போகிறோம் என்று, மைக் இல்லாமலே தெருவுக்குக் கேட்கச் சொன்னார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போன வருஷ விருது விழா ஞாபகம் வந்தது. உங்கள் பக்கத்தில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன். எந்த விருதைக் கூப்பிட்டாலும் அந்த ஒரே பெண்தான் ஏறி வந்தாள். ஏறினாள், இறங்கினாள், ஏறினாள், கை நிறைந்து போய் ஒரு கேடயத்தை வாசலில் நின்ற காவல்காரரிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு மறுபடி ஏறினாள். பாவம், கடைசியில் அவளே சிரிப்பை விட்டுவிட்டாள். அவளுக்கு இன்னொன்றா என்று தோன்றியது.

"அண்ணே, பாஸ் பண்ணினவங்களுக்கு நிறைய இருக்கு. ஒரு பாடத்துல ஃபெயிலாயிட்டு, விடாம மறுபடி எழுதிப் பாஸ் பண்றாங்க பாருங்க, அந்தப் பிள்ளைக்குக் குடுங்க."

"ஃபெயிலானவனுக்கு விருதா? சிஸ்டர், வெளியில சொன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சிரிச்சா உடம்புக்கு நல்லதுதானே."

"அது இல்ல சிஸ்டர். மேடைல கூப்பிட்டா அந்தப் பையனுக்கே அவமானம்."

"மேடைக்கு வர்றதா வேணாமான்னு அவன் பார்த்துக்கட்டும். மறுபரீட்சைக்குக் கட்டற ஃபீஸாவது போய்ச் சேரட்டுமே."

எனக்கு அந்த ஃபீஸ் தெரியும். எட்டாம் வகுப்பில் நான் ஃபெயிலானபோது எங்கள் வீட்டில் என்னை யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. எனக்கும் அண்ணனுக்கும் சேர்த்துக் கட்டப் பணம் இல்லை, அண்ணனுக்குக் கட்டினார்கள், அவ்வளவுதான். நீ மறுபடி எழுது என்று ஒரு ஆள் சொல்லியிருந்தால் நான் எழுதியிருப்பேன். பாஸாகி இருப்பேனா என்பது வேறு விஷயம். இதையெல்லாம் தலைவரிடம் சொல்லவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பொதுக்குழுவில் வைத்து முடிவு செய்யலாம் சிஸ்டர் என்று எழுந்தார். பொதுக்குழுவில் எனக்கு என்ன வேலை இருக்கும் என்று நினைத்திருப்பார்.

வேலை இருந்தது, அதுவும் உங்களால்தான். கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் இத்தனை தலை இருக்க வேண்டும், அதற்குக் கோரம் என்று பேர், ஆட்கள் போய்ச் சேரச் சேர தலை குறைகிறது என்று நீங்கள் கவலைப்பட்டு, உறுப்பினர் இறந்தால் அவர் மனைவி குடும்ப உறுப்பினர், அவளுக்கும் ஓட்டு உண்டு என்று சட்டத்தில் ஒரு வரி சேர்த்தீர்களே. அந்த வரி அங்கே எப்படி நடக்கிறது தெரியுமா. வாசலில் செயலாளர் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார். புருஷன் போன பொம்பளை ஒவ்வொருத்தியும் வந்ததும் கையெழுத்து வாங்கி எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்கிறார். சேர்த்த கையோடு, "லேடீஸ் எல்லாம் அந்த ரூம்ல டீ சாப்பிடுங்க" என்று பக்கத்து அறையைக் காட்டுகிறார். அங்கே உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஏசி நேராக மண்டையில் அடிக்கிறது, டீ ஆறிப்போய் இருக்கிறது, பிஸ்கட் மட்டும் தட்டுத் தட்டாக இருக்கிறது. நாங்கள் பதினாலு பேர். பேங்க் மேனேஜர் சம்சாரம் இருக்கிறார் பாருங்கள், உங்களுக்கு முன்னாலேயே அவர் போனாரே, அந்த அம்மா மூன்று வருஷமாக வருகிறாராம், உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையாம்.

"நம்மளை எதுக்குக் கூப்பிடறாங்கன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"பிஸ்கட் மிஞ்சிடக் கூடாதுன்னு" என்றார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் தலைவர் குரல். வரவு செலவு வாசித்தார், கைதட்டினார்கள். அடுத்த வருஷத்துக்கும் தானே தலைவராக இருக்கச் சம்மதிப்பதாகச் சொன்னார், யாரும் கேட்கவில்லை. அப்புறம் உங்கள் பேர் காதில் விழுந்தது. எழுந்து உள்ளே போனேன். என் முட்டிக்கு அந்த நேரம் வலி மறந்துவிட்டது. நான் ஒரு வார்த்தை பேசணும் என்றேன்.

"சிஸ்டர், இது நிர்வாக விஷயம். நீங்க டீ சாப்பிடுங்க."

"எண்ணும்போது உறுப்பினர், பேசும்போது சிஸ்டரா?"

முன்வரிசையில் ஒருத்தர் இருமினார். தலைவர் மைக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நேரம் இல்லை, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார். எனக்கு வந்ததே ஒரு கோபம். கத்தவில்லை. திரும்பி அந்த அறைக்குப் போய், "நம்மளை எண்ணிட்டாங்க, வேலை முடிஞ்சுது, கிளம்பலாம்" என்றேன். பேங்க் மேனேஜர் சம்சாரம் முதலில் எழுந்தார். மூன்று வருஷக் குளிர் அவருக்கு. பதினாலு பேரும் கைப்பையை எடுத்துக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவழியாகவே, யாரையும் இடிக்காமல், மன்னிச்சுக்குங்க மன்னிச்சுக்குங்க என்று சொல்லிக்கொண்டே வெளியே நடந்தோம். ஒரு அம்மா கையில் பிஸ்கட் தட்டு. வாசலில் செயலாளர் வாய்க்குள் எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். "தலைவரே, கோரம் போச்சு. கணக்கும் பாஸாகாது, நீங்களும் பாஸாக மாட்டீங்க." மைக்கில் விழுந்து கட்டடம் முழுக்கக் கேட்டது.

எங்களைக் கூப்பிடத் தலைவரே வந்தார். வராந்தாவில் நின்று பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "அம்மா, உள்ள வாங்க" என்றார். சிஸ்டர் அம்மாவாகிவிட்டாள். மைக்கைக் கொடுத்தால் வருகிறேன் என்றேன். கொடுத்தார். உங்கள் வகுப்பின் வரலாற்றில் முதல் தடவையாம்.

அங்கேதான் நீங்கள் யாரிடமும் சொல்லாதே என்று சொன்னதைச் சொல்லிவிட்டேன். கல்யாணமான புதிதில், இங்கிலீஷில் வந்த வாழ்த்து அட்டைகளை வாசிக்கத் தெரியாமல், படித்த மாப்பிள்ளைக்கு எட்டாவது ஃபெயிலைக் கட்டி வைத்துவிட்டார்களே என்று சமையலறையில் நின்று நான் அழுதபோது வந்து சொன்னீர்களே. "இதுக்குப் போய் அழறியா? நான் கணக்குல மூணு தடவை ஃபெயில். யார்கிட்டயும் சொல்லிடாதே, மானம் போயிடும்." அன்றைக்குத்தான் உங்கள் முகத்தையே நிமிர்ந்து பார்த்தேன். அதைத்தான் சொன்னேன். என் வீட்டுக்காரர் கணக்கில் மூன்று தடவை விழுந்து எழுந்தவர், அவர்தான் உங்கள் பணத்தை ஆயுசு முழுக்கக் காபந்து பண்ணினார், அவர் பேரில் விருது என்றால் அது விழுந்து எழுந்தவனுக்குத்தான் என்றேன். தலைவர் வாயைத் திறந்தார், மூடினார். பின் வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது, அப்புறம் எங்கள் பதினாலு கை, அப்புறம் பின்வரிசை மொத்தமும். நிறைவேறிவிட்டது. மானம் போயிற்று என்று நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. மானம் போனவர்களுக்குத்தான் அந்த விருது.

வீட்டில் எல்லாரும் சுகம். அங்கே உங்கள் அம்மாவைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்லுங்கள், நான் கூட்டத்தில் பேசினதை மட்டும் சொல்ல வேண்டாம். பெரியவர்களுக்கு என் வணக்கம், சந்தா பாக்கியோடு வந்து சேர்ந்தவர்களுக்கு என் எச்சரிக்கை.

இப்படிக்கு,
எண்ணிக்கையில் சேர்ந்த,
உங்கள் மனைவி

பின்குறிப்பு: மேலே எழுதினதை மடித்து வைத்த பிறகு உங்கள் பக்கத்து பெஞ்ச் தடியர் வந்துவிட்டுப் போனார். முதலில் கை தூக்கினது அவர்தான். உட்கார்ந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், கண்ணில் தண்ணி வருகிறது. "தங்கச்சி, அவனா ஃபெயில்? கணக்குல யுனிவர்சிட்டிக்கே முதல் மார்க் அவன்தாம்மா. மூணு தடவை ஃபெயிலானது நான். பக்கத்துல உட்கார வெச்சு சொல்லிக் குடுத்து நாலாவது தடவை என்னைக் கரை ஏத்தினவனே அவன்தான். அங்க இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், உன் முகத்துக்காகத்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தாங்க." தலைவரும் பிறகு போன் செய்தார், தீர்மானத்தில் நீங்கள் ஃபெயில் என்று பதிவாகியிருக்கிறதாம், திருத்தட்டுமா என்றார். திருத்தினால் பதினாலு பேரும் மறுபடி எழுந்து போவோம் என்றேன். விருது விழுந்து எழுந்தவர்களுக்குத்தான், அது மாறாது. எனக்கு இப்போது வேறு ஒன்றுதான் மனசைக் குடைகிறது. என் முகத்தைப் பார்த்து அவ்வளவு சுத்தமாக உங்களுக்குப் பொய் சொல்ல வரும் என்று நேற்று வரைக்கும் எனக்குத் தெரியாது. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் கேட்டேன், வலிக்கலை, நீ போய்ச் சாப்பிடு என்றீர்கள். நானும் நம்பிப் போய்ச் சாப்பிட்டேன். ரொம்ப வலித்ததா ராசா?