நூற்று நாற்பத்திரண்டாவது ஆணி

மார்ச் 4, செவ்வாய். இன்று என் தவறு ஒன்றைக் கண்டுபிடித்தேன். வீடியோவில் எண்பத்தாறு என்று இரண்டு முறை எண்ணியிருக்கிறேன். ஆணிகள் மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று. நூற்று நாற்பத்திரண்டு என்று முடித்திருக்கிறேன். வீடியோ போட்டு மூன்று வாரம் ஆகிறது. ஒருவரும் சுட்டிக்காட்டவில்லை.

நாட்குறிப்பில் எழுதிய அந்தக் கடைசி வாக்கியத்தின் கீழ் அவள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டாள். தவறு அவளை அவ்வளவாக வருத்தவில்லை. அந்தக் கடைசி வாக்கியம்தான் வருத்தியது.

கிழிந்த நாற்காலி, தொய்ந்த சோபா இவற்றுக்குப் புதுக் குஷன் போடுவது அவள் தொழில். வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் கொட்டகையில் காரைத் தவிர எல்லாம் இருந்தது. எதையும் பட்டியல் போட்டுச் செய்வதால் வீட்டில் அவளுக்குப் பெயரே 'பட்டியல்'. பழைய துணியைப் பிரிக்கும்போது ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, வாய்விட்டு எண்ணுவாள். ஓர் ஆணி உள்ளே தங்கிவிட்டால் உட்காருகிறவர் எழுந்து நின்று சொல்வார் என்பது அவள் கொள்கை.

தொழிலில் ஒரே ஒரு குறை. அவள் போட்ட குஷன் மறுபடி கிழிவதில்லை. தெருவிலிருந்த நாற்காலிகளையெல்லாம் சரிசெய்து முடித்துவிட்டாள். புது நாற்காலிக்கு வேறு தெரு வேண்டும்.

அதற்காகத்தான் மாலை வகுப்பில் சேர்ந்தாள். 'இணையத்தில் நமக்கென ஒரு முகம்: ஓடாமல், ஒடியாமல்' என்று வகுப்புக்குப் பெயர். ஒரு பள்ளிக்கூடத்தில், நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து கேட்க வேண்டும். "உங்கள மாதிரியே இருங்க. வாரத்துக்கு ஒண்ணு போதும். யாரையும் துரத்தாதீங்க" என்றார் ஆசிரியர். அவள் மூன்றையும் எண் போட்டு எழுதிக்கொண்டாள். பிறகு கேமராவை வைத்து, ஒரு நாற்காலியைப் பிரித்து, தன்னைப் போலவே இருபத்திரண்டு நிமிடம் ஆணி எண்ணினாள். கடைசியில் தன் போன் நம்பரையும் முகவரியையும் சொன்னாள்.

அடுத்த வகுப்பில் ஆசிரியர் அவளுடைய போனை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அறுபத்து மூணு பேர் தினமும் பார்க்குறாங்க. அதுவும் முழுசா! என் வீடியோவையே ஜனங்க நாப்பது செகண்டுல மூடிடுறாங்கம்மா."

"ஆனா யாரும் ஒரு வார்த்தை எழுதலையே சார்."

"லைக்காவது போட்டாங்களா?"

"இல்ல சார்."

"கூப்பிட்டாங்களா?"

"ராங் நம்பர்கூட வரல சார்."

ஆசிரியர் யோசித்தார். "ரொம்ப நாகரிகமானவங்க போலிருக்கு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

சித்தப்பாவிடம் இந்த நாகரிகம் எடுபடவில்லை. அவர் பெரிய மரச்சாமான் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தவர் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"வாங்குறவங்கள விட வேடிக்கை பார்க்குறவங்க அதிகம்னா அது கடையில்லம்மா, கண்காட்சி."

"கொஞ்ச நாள் ஆகும் சித்தப்பா."

"எத்தன நாள்? சொல்லு, நீதான் எல்லாத்துக்கும் தேதி போடுறவளாச்சே. மாசக் கடைசிக்குள்ள அந்த வீடியோவப் பார்த்துட்டு ஒரே ஒரு ஆள் வரட்டும், நான் வாயத் திறக்க மாட்டேன். வரலைன்னா ஒண்ணாம் தேதி காலைல ஒம்பதரைக்கு என் கடைல பில் போட உக்காரணும். சரியா?"

அவள் தலையாட்டிவிட்டாள். ஆட்டியபிறகுதான் அந்தக் கடை கண்முன் வந்தது. அங்கே கால் ஆடும் நாற்காலிக்கும் கிழிந்த சோபாவுக்கும் ஒரே வைத்தியம்தான்: "புதுசா எடுத்துக்குங்க." அவளால் அந்த வாக்கியத்தைச் சொல்ல முடியாது. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தாள். வரவில்லை.

முதல் வழியைச் சொன்னவள் அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பேக்கரிக்காரம்மா.

"சும்மா வர்ற கூட்டம் சும்மாதான் போகும். ஓசியில ஏதாவது குடு. கடைசி வரைக்கும் பார்த்தாத்தான் தெரியணும், அப்படி வை."

அவள் வீடியோவின் கடைசியில் ஒரு துண்டைச் சேர்த்தாள். "இதுவரை பார்த்தவர்களுக்கு நன்றி. 'ஆணி' என்று எழுதும் ஒருவருக்கு, குஷன் வைத்த முக்காலி இலவசம்."

அறுபத்து மூன்று பேரும் கடைசி வரை பார்த்தார்கள். ஒருவரும் 'ஆணி' என்று எழுதவில்லை.

"ஓசின்னாகூட வேணாங்குற ஜனங்கள நான் பார்த்ததே இல்லடி" என்றாள் அக்கா. பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் அவளுக்குத் தங்கை மேல் பாசம் அதிகம். மறுநாள் பல்வலியோடு வந்தவர்களிடமெல்லாம் முக்காலி பற்றிச் சொல்லிவிட்டாள். சாயங்காலமே மூன்று பேர் கன்னத்தைப் பிடித்தபடி கொட்டகை வாசலில் நின்றார்கள்.

"வீடியோ பார்த்தீங்களா?" என்று ஆவலாகக் கேட்டாள்.

"எந்த வீடியோ?" என்றார் முதலாமவர், வாயில் பஞ்சோடு.

ஆனாலும் சொன்ன சொல் சொன்ன சொல்தானே. மூன்று முக்காலி செய்து கொடுத்தாள். நாலு நாள் போயிற்று.

அடுத்த வகுப்பில் ஆசிரியர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க களைச்சுப் போயிட்டீங்க. ஒரு வாரம் போனைத் தொடாம ஓய்வெடுங்க. ஒண்ணும் கெட்டுப்போகாது" என்றார்.

அவள் ஓய்வுக்கும் பட்டியல் போட்டாள். காலை 6.30: மெதுவாக எழுந்திருத்தல். 7.10 முதல் 7.30 வரை: காரணமில்லாமல் ஜன்னல் வழியே பார்த்தல். 11.00: ஆழ்ந்த மூச்சு, இருபது. 4.00: நோக்கமற்ற நடை, தெருமுனை வரை. செய்து முடித்ததற்கெல்லாம் எதிரில் டிக் அடித்தாள்.

மூன்றாம் நாள் அவள் மூச்சிரைக்க ஓடி வருவதைப் பார்த்து அக்கா பயந்துவிட்டாள்.

"என்னடி ஆச்சு? நாய் துரத்துச்சா?"

"நோக்கமில்லாத நடைக்கு லேட்டாயிடுச்சுக்கா. எதிர்வீட்டு அம்மா பேச்சுக் குடுத்துட்டாங்க. இன்னும் மூச்சு வேற பன்னெண்டு பாக்கி இருக்கு."

"இதுக்கு நீ வேலையே பார்க்கலாம், உடம்பு தேறும்" என்றாள் அக்கா.

ஏழாம் நாள் முடிவில், இடுப்புவலியோடு போனைத் திறந்தாள். பார்த்தவர்கள் எழுபத்தொருவர் ஆகியிருந்தார்கள். அவள் எதுவுமே செய்யாத வாரத்தில்தான் எட்டுப் பேர் கூடியிருந்தார்கள். அன்றைய நாட்குறிப்பில், 'நான் ஒதுங்கி இருப்பது என் வளர்ச்சிக்கு உதவுகிறது போலும்' என்று எழுதி, அதற்கும் கோடு போட்டாள்.

சித்தப்பா விளக்கம் சொன்னார். "மனுஷன் எவனும் பார்க்கலம்மா. ஏதோ மெஷின்தான் பார்க்குது. மனுஷனா இருந்தா இருபத்திரண்டு நிமிஷத்துல ஒரு தடவையாவது கொட்டாவி விட்டு மூடியிருப்பான்."

அவள் குரலை அவளே போட்டுக் கேட்டாள். "முப்பத்திரண்டு. துரு இருக்கிறது. முப்பத்து மூன்று. துரு இல்லை." உண்மையிலேயே மெஷின்தான் பேசுவதுபோல் இருந்தது.

மார்ச் இருபத்தெட்டு. இன்னும் மூன்று நாள்தான். பேக்கரிக்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்ன மாதிரியே இருந்தது போதும் கண்ணு. ரெண்டு நாளைக்கு வேற யார மாதிரியாவது இருந்து பாரு. நல்லா தடதடன்னு ஒரு மேளம் போடு. எண்ணும்போது ஒரு துள்ளு துள்ளு. செத்த வீட்டுல விசாரிக்கிற மாதிரியா ஆணி எண்ணுவ?"

அவள் துள்ளினாள். கேமரா முன்னால் நின்று, சுத்தியலை உயர்த்தி, "வணக்கம்... மக்களே!" என்றாள். நடுவில் மூச்சு வாங்கியதை வெட்டவில்லை. பத்து ஆணிக்கு ஒரு முறை மேளம் இடித்தது. இந்தத் தடவை ஆணிகளைச் சரியாக எண்ணினாள். பழைய வீடியோவை நீக்கிவிட்டு இதைப் போட்டாள்.

மறுநாள் மத்தியானத்துக்குள் ஐம்பத்திரண்டு பேர் எழுதியிருந்தார்கள். வாழ்நாளில் முதல்முறையாக! ஒன்று விடாமல் படித்தாள்.

'ஏன்?'

'ஏன் இப்படிப் பண்ணீங்க?'

'பழசு எங்க?'

'நாங்க உங்களுக்கு என்ன பாவம் பண்ணோம்?'

மீதி நாற்பத்தெட்டும் இதே ஜாதகம்தான். ஒருவர் மட்டும் வார்த்தையே இல்லாமல் அழுகிற முகம் பதினேழு போட்டிருந்தார். அவள் எண்ணினாள்.

"பரவால்லடி, திட்டவாவது ஆள் இருக்கே" என்றாள் அக்கா. அவள் சிரிக்கவில்லை. போனைத் தையல் மெஷினுக்கு அடியில் வைத்து, மேலே ஒரு குஷனையும் வைத்தாள்.

முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம், சொன்னபடி சித்தப்பா வந்துவிட்டார். அவள் கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சுத்தியல் ஒன்று. இடுக்கி இரண்டு. நாடா இழுக்கும் கட்டை ஒன்று. கிண்ணம் ஒன்று. கிண்ணத்தை உள்ளே வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"ஏம்மா, நான் என்ன உன்ன ஜெயிலுக்கா கூட்டிட்டுப் போறேன்? ஃபேனுக்கு நேர் கீழதான் சீட்டு" என்றார் சித்தப்பா. குரலில் ஜெயித்த தெம்பு இல்லை.

அப்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வெள்ளை உடுப்பில் இரண்டு நர்சுகள் இறங்கினார்கள். ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை. இருவர் கண்ணும் சிவந்திருந்தது. வேனுக்குள் நாற்காலிகள் காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தன.

நெட்டை நர்ஸ் அவளை உற்றுப் பார்த்தாள். "நீங்கதானே அந்த ஆணி?"

"ஆமா" என்றாள் அவள், பட்டியலிலிருந்து ஆணிக்கு மாறிய அதிர்ச்சியில்.

"எங்க ஹாஸ்டல் நாற்காலிங்க. பதினொண்ணு. எல்லாத்துக்கும் குஷன் மாத்தணும். முடியுமா?"

அவள் சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா நர்சுகளைப் பார்த்தார்.

"யார் சொல்லி வர்றீங்கம்மா?" என்றார் சந்தேகமாக. "பல் டாக்டரா?"

"யாரும் சொல்லல சார். இவங்க வீடியோ பார்த்துத்தான்."

"எந்த வீடியோ? எத்தன நாளா?"

"ரெண்டு மாசமாகப் போகுது. தினமும் பார்ப்போம். ஹாஸ்டல்ல அத்தன பேரும்."

சித்தப்பா பெட்டியைத் திறந்தார். சுத்தியலை எடுத்து மேசை மேல் வைத்தார். இடுக்கிகளையும் பக்கத்தில் வைத்தார். பிறகு சொன்ன சொல்லைக் காப்பாற்றும் மனிதராக, வாயைத் திறக்காமல் வேனை நோக்கி நடந்து, முதல் நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கு உதைத்தது. உதைத்தால் அவளால் சும்மா இருக்க முடியாது.

"அந்த மேளம் போட்டதாலதான் வந்தீங்களா?"

"ஆமாங்க" என்றாள் நெட்டை.

"அப்ப மேளம் பிடிச்சிருந்துச்சா?"

"ஐயோ, தயவுசெஞ்சு அத எடுத்துடுங்க!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"புரியலையே. மேளம் பிடிக்கல, ஆனா மேளத்தால வந்தீங்க. பழசு பிடிச்சிருந்துச்சு, ஆனா ஒருத்தர்கூட ஒரு வார்த்தை எழுதல. முக்காலி குடுக்குறேன்னேன், கேக்கல. ஒரு போன்கூடப் பண்ணல. ஏங்க?"

நர்சுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நெட்டை, குட்டையின் முழங்கையை இடித்தாள். குட்டை, நெட்டையின் காலை மிதித்தாள்.

"கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றாள் குட்டை நர்ஸ் கடைசியில். "எங்க எல்லாருக்கும் நைட் டூட்டி, பகல்லதான் தூக்கம். கூப்பிடணும்னு ஆசைதாங்க. ஆனா உங்க நம்பரையும் அட்ரஸையும் நீங்க வீடியோ கடைசியிலதானே சொல்றீங்க? எங்க ஹாஸ்டல்ல முப்பதாவது ஆணி வரைக்கும் முழிச்சிருந்தவங்க இதுவரைக்கும் யாருமே இல்லீங்க."

மார்ச் 31, திங்கள். நாளைய வேலை: 1. மேளத்தை எடுத்துவிட்டுப் பழைய வீடியோவைப் போடுவது. 2. தொலைபேசி எண்ணையும் முகவரியையும் முதல் ஆணிக்கு முன்பே சொல்வது. 3. நாற்காலி, பதினொன்று.